பங்குனி முடிவதற்குள்

என் மகள் கடைசி வரை வயிற்றுக்குள் உட்கார்ந்தே இருந்தாள். தலை மேலே, இடுப்பு கீழே. திரும்புவாள் திரும்புவாள் என்று பார்த்துவிட்டு, வலி வருவதற்கு முன்பே நாள் குறித்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நடந்தது இவ்வளவுதான். கருவேப்பிலங்குறிச்சியில், என் புகுந்த வீட்டுத் தெருவில், அது வேறு விதமாகப் பேசப்பட்டது.

"படிச்ச பொண்ணு இல்ல? வலி தாங்காதாம். அறுத்து எடுத்துடுங்கன்னு அதுவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுச்சாம்."

கையெழுத்துப் போட்டது உண்மை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்து, நெஞ்சில் தூசி அடைத்து, என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அம்மா இன்னும் செராமிக் கம்பெனியில் அச்சில் களிமண் களி ஊற்றிப் பொம்மை வார்க்கிறாள். நான் கணக்கில் எம்.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஆஸ்பத்திரியில் எதை நீட்டினாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். நர்சுகளுக்கு அது பிடிக்காது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

வலியே வராத ஒருத்தியை வலி தாங்காதவள் என்று சொன்னது எனக்கு ஆறவில்லை. அதைவிட ஆறாதது அந்தத் தையல். வீட்டுக்கு வந்த பிறகு அதன் ஓரம் பிரிந்து சீழ் பிடித்தது. தினமும் பழைய மருந்துத் துணியை உருவி எடுத்து, புதிய துணியை உள்ளே திணிப்பார்கள். பாப்பாவைப் பால் கொடுக்க எடுத்தால் அவள் கால் சரியாக அந்த இடத்தில்தான் உதைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தேன். அவள் தவழத் தொடங்கும்வரை என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. வேலையும் போயிற்று.

ஆகவே, இரண்டாவது தரித்தபோது, சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும் என்று முதலிலேயே நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்த அன்று மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பிரசவத் தேதி எப்போது என்று கேட்டார். படித்துச் சொன்னேன்.

"அது தமிழ் மாசத்துல என்னா வருது?"

"சித்திரை நடுவுல வரும் அத்த."

கீரைக் காம்பை அப்படியே முறத்தில் வைத்துவிட்டு விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினார். ஆடியில் வந்து விரல் நின்றது.

"கல்யாணம் ஆன வருசம்தான் ஆடிக்குப் பொண்ண பொறந்த வூட்டுக்கு அனுப்பி வெப்பாங்க. ரெண்டாவது புள்ளைக்குமா வந்து காவல் காப்பாங்க? நீங்களா பாத்து இருக்க வேணாமா?"

என் வீட்டுக்காரர் அறைக்குள்ளிருந்து இதைக் கேட்டுவிட்டு, கொல்லைப்புற வழியாக மோட்டார் போடப் போகிறேன் என்று போய்விட்டார். கரண்ட் இல்லாத நேரம் அது.

சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது. நான் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வளர்ந்தவள். ஆனால் மாமியாருக்கு அது கேள்விப்பட்ட விஷயம் அல்ல. என் கொழுந்தனார் சித்திரையில் பிறந்தவர். அவருக்குப் பல் முளைப்பதற்குள், பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போன வண்டியிலிருந்து என் மாமனார் விழுந்து சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரரும் இப்போது அதே மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். கொழுந்தனார் திருப்பூரில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தாலும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். சின்ன வயதில் அவரை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அன்று சாயங்காலமே மாமியார் முடிவோடு வந்தார்.

"மொதல் புள்ளைய அறுத்துத்தான எடுத்தாங்க? இதையும் அப்படியே எடுத்துடச் சொல்லு. பங்குனியில ஒரு நல்ல நாளு பாத்துப்போம். ஸ்ரீமுஷ்ணத்துல ஒருத்தரு இருக்காரு. நட்சத்திரம், நேரம் எல்லாம் பாத்துக் குடுத்துடுவாரு."

"வலி தாங்காம அறுத்துக்கிட்டவன்னு சொன்னீங்களே அத்த, அது என்னா ஆச்சி?"

"நான் எங்கடி சொன்னேன்? தெருவுல சொன்னாங்க."

"தெருவுக்கு யாரு சொன்னாங்க?"

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அன்று எனக்கு ஜெயித்தது போல இருந்தது.

அம்மா வேலை செய்யும் இடத்தில் இந்தச் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அங்கே இருக்கும் பெண்கள் வாய்க்குப் பயப்படாதவர்கள். அம்மாவைப் பார்க்கப் போனபோது கைநிறையக் களியோடு ஒருத்தி கத்தினாள்: "ஏன் டீச்சரம்மா, உன் வூட்டுக்காரருக்கு ஆடித் தள்ளுபடி குடுத்துட்டியாமே?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பொம்மையின் காதில் பிசிறு தட்டிக்கொண்டே என் வயிற்றைப் பார்த்தாள். சம்பந்தியிடமிருந்து அவளுக்கு முன்பே போன் வந்துவிட்டது என்பது பிறகு தெரிந்தது.

நான் தேடிக் கண்டுபிடித்த டாக்டர், ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே ஆபரேஷன் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் எல்லாம் எந்நேரமும் இருக்கும் என்று விசாரித்த பிறகே போனேன். எட்டாம் மாதம் போனபோது கர்ப்பிணிகள் வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண் உட்கார்ந்திருந்தார். விருத்தாசலம் கடைத்தெருவில் அவர்களுக்குத் துணிக்கடை. அவருக்கும் முதல் குழந்தை ஆபரேஷன்தான்.

"நீங்க என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நான் அறுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். எங்க வூட்டுக்காரரு துபாயில. லீவு கெடச்சிருக்கற வாரத்துலயே வெச்சிக்குங்கன்னு கேட்டிருக்கேன். வலி வரும்னு ஒக்காந்திருந்தா அவரு வந்துட்டுத் திரும்பிப் போயிடுவாரு."

"பயமா இல்லையா?"

"எதுக்குதான் பயம் இல்ல? போன தடவையே ஜிப்பு வெச்சித் தெச்சிருங்கன்னு சொன்னேன். டாக்டரம்மா சிரிச்சாங்க, ஜிப்பு வெக்கல." வயிற்றைத் தட்டிக்கொண்டு அவரும் சிரித்தார். ஒரு வழியைத் தேர்ந்துகொண்டவரின் நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

டாக்டர் என் பழைய ஆபரேஷன் விவரங்களைப் பார்த்தார். கர்ப்பப்பையில் வெட்டு கீழ்ப்பக்கம் குறுக்காகப் போட்டிருக்கிறார்கள், அது நல்லது என்றார். முதல் தடவை குழந்தை திரும்பாததுதான் காரணம், இந்தக் குழந்தை தலை கீழாகத்தான் இருக்கிறது, இரண்டு பிரசவத்துக்கும் நடுவே இடைவெளியும் போதுமானது என்றார்.

"முயற்சி பண்ணலாம். நிறைய பேருக்கு நல்லபடியா ஆகுது. ஆனா நான் சொல்றத நல்லா கேட்டுக்க. வலி தானா வரணும். வரலன்னா ஊசி மருந்து போட்டு வலிய வரவழைக்க நான் யோசிப்பேன். பழைய தையல் இருக்கற எடம் அது. வலி வேகமா இழுத்தா தையல் பிரிஞ்சிடலாம். அபூர்வம்தான். ஆனா அப்படி ஆயிட்டா, உன்னையும் குழந்தையையும் காப்பாத்தறதுக்கு நேரம் ரொம்பக் கொஞ்சம். அதனால வலி ஆரம்பிச்ச உடனே இங்க வந்துடணும். வூட்டுல ஒக்காந்து பாக்கக் கூடாது."

"திரும்ப ஆபரேஷன் பண்ணிக்கிட்டா?"

"அதுலயும் ஆபத்து இல்லாம இல்ல. போன தடவை புண்ணு ஆறல உனக்கு. உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கலாம். மறுபடி மறுபடி வெட்டினா அடுத்தடுத்த கர்ப்பத்துல நஞ்சுக்கொடி பதியற எடம் கோளாறாகலாம். ரெண்டு பக்கமும் இருக்குது. எத நீ தாங்குவன்றத நீதான் சொல்லணும்."

மாமியார் சொன்ன பங்குனி விஷயத்தையும் கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஜோசியர் சொல்ற நாளு ரொம்ப முன்னாடி இருந்தா முடியாது. புள்ளைக்கு மூச்சுக் கஷ்டம் வரும். பங்குனி கடைசி ரெண்டு மூணு நாள்னா மாசம் நெறஞ்சிருக்கும். அப்ப எடுக்கறதுல மருத்துவப்படி தப்பு ஒண்ணும் இல்ல. நீ கேட்டா செய்வோம்."

அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் சீழ் வைத்த அந்தத் தையல், தூக்க முடியாமல் அழவிட்ட என் மகள், இனி ஒரு குழந்தை வேண்டுமென்றால் என்ன ஆகும் என்ற கேள்வி. மறுபக்கம் அபூர்வமாக வரக்கூடிய ஒன்று. விவரம் தெரிந்த டாக்டர், தயாராக இருக்கும் ஆஸ்பத்திரி, சொன்னபடி நடந்துகொள்ளத் தெரிந்த நான். யோசித்து எடுத்த முடிவுதான் அது. சித்திரைக்குப் பயந்து வயிற்றை வெட்டிக்கொள்ள மாட்டேன் என்ற வீம்பும் அதில் இருந்தது. ஆனால் வீம்பு மட்டும் இல்லை.

வீட்டில் சொன்னபோது மாமியார் கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஒருத்தன வாரிக் குடுத்துட்டேன். இவனையும் குடுன்னு கேக்கறியா?"

"அத்த, மாமா செத்தது வண்டியில விழுந்து. கொழுந்தனாரு பொறந்ததுனால இல்ல."

"நீ படிச்சிருக்க. நான் பாத்திருக்கேன்."

அதற்கு மேல் அவரோடு என்ன பேசுவது? வீட்டுக்காரரிடம் பேசினேன்.

"எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா அம்மா ராத்திரி தூங்கறது இல்ல. நான் வண்டிய எடுத்தா போதும், சாமி ரூமுல போயி ஒக்காந்துக்குது" என்றார்.

"நீங்க என்னா சொல்றீங்க, அத சொல்லுங்க."

"நீ எது சொல்றியோ அதான்."

அவர் நல்ல மனிதர். என்மேல் உள்ள மரியாதையில்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து, எது நடந்தாலும் அது என் ஒருத்தியின் முடிவு என்று ஆகிவிட்டது. அடுத்த வாரம் அவர் கையில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை.

மாதம் நெருங்கியதும் விருத்தாசலத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்தால் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும். சித்திரை முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடச் சொல்லி டாக்டர் நாள் கொடுத்திருந்தார். துணி, காகிதங்கள், போன் நம்பர்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வைத்தேன். வலி ஆரம்பித்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது என்று அம்மாவிடம் பாடம் நடத்துவது போலத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "சரிடி, சரிடி" என்றாள். மாமியார் தினமும் அவளுக்குப் போன் செய்தார். அம்மா போனை எடுத்துக்கொண்டு தெருக்குழாய் வரை போய்ப் பேசிவிட்டு வருவாள்.

பங்குனி கடைசி நாள். அம்மா வேலைக்குப் போகவில்லை. மறுநாள் வருடப்பிறப்பு என்று வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு அடிவயிற்றில் லேசாக இழுத்துப் பிடித்தது. வந்தது, போனது. மறுபடி வெகுநேரம் கழித்து வந்தது.

"கெளம்பலாமா?" என்றேன்.

"சூட்டு வலியா இருக்கும்டி. சீரகக் கஷாயம் வெச்சித் தரேன். சூட்டு வலின்னா அடங்கிடும். நெஜ வலின்னா தெரிஞ்சிடும். பொய் வலிக்குப் போயி நின்னா சிரிப்பாங்க."

இது எல்லா வீட்டிலும் செய்வதுதான். சீரகம் தீங்கில்லை என்று எனக்கும் தெரியும். சரி என்றேன். இஞ்சியும் ஓமமும் பனைவெல்லமும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாள். மேலே எண்ணெய் மிதந்தது.

"என்னாம்மா இது?"

"நெய்யிடி. எறங்க சொகமா இருக்கட்டும்னு ரெண்டு கரண்டி வுட்டேன். மூச்ச புடிச்சிக்கிட்டுக் குடிச்சிடு."

குடித்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது வயிறு கலங்கி இரண்டு முறை வெளியே போனேன். அதன் பின்னால் வலி வந்தது. வலிக்கும் வலிக்கும் நடுவே மூச்சு வாங்க இடம் இருக்கும் என்று படித்திருந்தேன். எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது ஏறி உட்கார்ந்தது. நானே 108-க்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரர் பெண்ணாடத்தில் மில் வாசலில் வண்டிகளின் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன்.

ஆம்புலன்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான், இன்னிக்கே ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் பழைய தையலுக்கு உள்ளே ஏதோ நெருப்புப் பட்டது போல இருந்தது. அதன் பிறகு அந்த இழுத்துப் பிடிக்கும் வலி நின்றுவிட்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, அடங்குது" என்றாள். அடங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. உடம்பெல்லாம் குளிர்ந்து போயிருந்தது.

அன்று வேலையில் இருந்தது அந்த டாக்டரேதான். வயிற்றில் கை வைத்தார். குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தார். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. கடிகாரம் நிற்கப் போவது போல ஒவ்வொன்றாக விழுந்தது. தியேட்டருக்குச் சொல்லுங்கள் என்று யாரிடமோ கத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"என்ன குடுத்தீங்க?"

"கஷாயம்மா. சீரகக் கஷாயம்."

"வேற?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"வெளக்கெண்ண. ரெண்டு கரண்டி."

"எதுக்கும்மா? எதுக்குக் குடுத்தீங்க?"

"நாளைக்குச் சித்திரை பொறக்குதும்மா."

எனக்கு நினைவிருக்கும் கடைசி வார்த்தை அது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். முகத்தில் மூடியை வைத்தார்கள்.

கண் விழித்தபோது வாய் காய்ந்திருந்தது. வயிற்றின்மேல் மறுபடியும் அந்தக் கட்டு. கட்டிலைச் சுற்றிலும் இனிப்பு வாசனையும் பேச்சுச் சத்தமும். மாமியார் பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பங்குனியிலயே வந்துட்டான். பேரன். எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. பொழுது எறங்கறதுக்குள்ள வந்துட்டான்."

நான் விழித்ததைப் பார்த்ததும் ஓடி வந்து என் நெற்றியைத் தடவினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படித் தொட்டதில்லை. "என் குடும்பத்தக் காப்பாத்திட்டம்மா" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் குழந்தை எங்கே என்று கேட்கப் பயந்தேன். அப்புறம் கேட்டேன்.

"கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்க. மூச்சு வுட லேட்டாச்சாம்" என்றார்.

டாக்டர் வந்து எல்லாவற்றையும் சொன்னார். பழைய தையல் விட்டுப் பிரிந்திருந்தது. கர்ப்பப்பையைத் தைத்துக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் இனி ஒரு கர்ப்பம் கூடாது. குழந்தைக்குப் போக வேண்டிய காற்று கொஞ்ச நேரம் போகவில்லை. எவ்வளவு பாதிப்பு என்று வளர வளரத்தான் தெரியும். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"வெளக்கெண்ணெயாலயா?"

"அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. எதுவும் குடிக்காதவங்களுக்கும் இது நடந்திருக்கு. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது." என் கட்டைத் தொட்டுப் பார்த்தார். "உன் முடிவுல தப்பு இல்லம்மா. அத மட்டும் சொல்லுவேன்."

அதை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கலாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அம்மா வார்டுக்குள் வரவில்லை. வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாளாம். விளக்கெண்ணெய் விஷயத்தை நானும் டாக்டரும் அவளும் வேறு யாரிடமும் சொல்லவில்லை. மாமியாருக்குத் தெரியுமா, அவர்தான் சொல்லிக் கொடுத்தாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் ஒருவர் மற்றவர்மேல் போடுவார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

குழந்தையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒரு சாயங்காலம், அவளே பேசினாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்; கையில் களி காய்ந்து வெள்ளையாக இருந்தது. கழுவவில்லை.

"நீ சொகப்பிரசவம்னு நின்ன. அவங்க பங்குனின்னு நின்னாங்க. ரெண்டும் நடந்துட்டா யாருக்கும் மனக்கஷ்டம் இல்லன்னு நெனச்சேன்டி. உன்ன பெத்தப்ப எனக்கு அதான் குடுத்தாங்க. ஒண்ணும் ஆவல."

நான் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"பச்சைக் களிய அவசரப்பட்டு அனல்கிட்ட வெச்சா வெடிச்சி வாய் வுட்டுடும். எத்தன பேர அதுக்காகத் திட்டியிருக்கேன். எனக்குத் தெரியாதா? வயித்துக்குள்ள இருக்கறது எனக்கு அப்படித் தோணலயே."

பிறகு கேட்டாள்: "என்னாலதான?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. ஆமாம் என்றும் வரவில்லை.

"தெரியாதும்மா. டாக்டருக்கே தெரியல" என்றேன்.

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

இப்போது அவனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. கழுத்து நிற்கவில்லை. முகம் அவன் அப்பாவைப் போல. பால் இறங்க நேரமாகும்; பாதி வெளியே வரும். கைகளை இறுக்கி மூடிக்கொள்வான், ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். அவன் பயிற்சிக்காக இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன்; வாரத்தில் ஒரு நாள் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் ஏறினால் பெண்கள் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "எத்தன மாசம்?" என்று கேட்பார்கள். வயதைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். துணிக்கடைப் பெண்ணை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தேன். அவர் குழந்தை ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. அவர் என்னை அடையாளம் கண்டு அருகே வந்தார். என் தோளில் சாய்ந்திருந்தவனைப் பார்த்தார். அவன் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் நினைத்ததை எழுதிவிடுகிறேன். மாமியார் சொன்ன நாளில் நான் வயிற்றைக் கொடுத்திருந்தால், அந்த மூட நம்பிக்கைக்குத் தலையை ஆட்டியிருந்தால், இவனும் இந்நேரம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பான். தையல் மறுபடியும் சீழ் பிடித்திருக்கலாம். தெருவில் பேசியிருப்பார்கள். அவ்வளவுதான். தவறான காரணத்துக்காகச் சொல்லப்பட்ட வழி அது. ஆனாலும் அந்த வழியின் முடிவில் என் பிள்ளை நன்றாக இருந்திருப்பான். என் காரணங்கள் எல்லாம் சரியானவை. இன்று ஒருத்தி வந்து கேட்டாலும் அதே கேள்விகளை டாக்டரிடம் கேள், அதே விதமாக யோசி என்றுதான் சொல்வேன். நான் படித்த படிப்பில், சரியாகப் போட்ட கணக்குக்கு விடை சரியாக வரும். இது அப்படி வரவில்லை.

மாமியாரின் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. மகன் டிராக்டரை எடுத்தால் இப்போது அவர் சாமி ரூமுக்குள் போவதில்லையாம். எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் பேரனை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தடவுவார். கழுத்து நிற்காததற்கு அவரிடம் காரணம் எதுவும் இல்லை. பங்குனியில் பிறந்த பிள்ளைக்கு ஏன் இப்படி என்று தெரியாமல் விழிக்கிறார். சில சமயம் என்னிடம், "வேற எதாவது தோஷமா இருக்குமோ?" என்பார். அந்த முகத்தைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்கூட வருவதில்லை.

பயிற்சி டாக்டர் வீட்டில் செய்யச் சொன்னதைத் தினமும் செய்கிறோம். சுருட்டிய போர்வையின்மேல் அவனைக் குப்புறப் போட்டு, முன்னால் ஏதாவது சத்தம் காட்டி, தலையைத் தூக்க வைக்க வேண்டும். நான் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். அம்மா வேலை முடிந்து வந்ததும் முன்னால் தரையில் படுத்துக்கொண்டு கிலுகிலுப்பையை ஆட்டுவாள். என் மகள் அதைப் பிடுங்கப் பார்த்துத் திட்டு வாங்குவாள்.

நேற்றும் அப்படித்தான். "என் ராசா, இங்க பாரு, ஆயாவ பாரு" என்று அம்மா தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அவன் மூச்சு வேகமானது. பிடரி இறுகியது.

"தூக்குனான்டி! பாத்தியா? தூக்குனான்!"

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இல்லம்மா. தல ஆடுச்சி, அவ்ளோதான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போர்வையில் வழிந்திருந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள்.

"சரி. இன்னொரு வாட்டி பாப்போம். நீ இடுப்ப நல்லா புடிச்சிக்க" என்று கிலுகிலுப்பையை மறுபடியும் எடுத்தாள்.